இடது தோளுக்கு ஒரு கட்டை

அந்த மழைக்காலத்தை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது ஒரு மணம். வால்நட் மரத்தை உளியால் மெல்லச் சீவும்போது எழும் மணம். லேசான கசப்பு, தொலைவில் யாரோ வறுத்த காப்பிக்கொட்டையை அரைப்பதுபோல. அதன் பின்னாலேயே இன்னொன்றும் வரும். அதை மணம் என்று சொன்னால் எங்கள் மைனி ஒப்புக்கொள்ள மாட்டார். அது வருகிற இடத்தில் அதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பழைய துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் குமாஸ்தா. அண்ணன் ஓர் உப்பளத்தில் மேற்பார்வையாளர். ஒரே வீட்டின் முன்பாதியில் அண்ணனும் அவர் மனைவியான மைனியும், பின்பாதியில் நானும் என் மனைவியும் இருந்தோம். நடுவில் ஒரு முற்றம். மழை பெய்தால் முற்றத்தில் ஒரு சதுர மழை மட்டும் தனியாகப் பெய்வதுபோல் இருக்கும்.

அண்ணனிடம் ஒரு ரைஃபிள் இருந்தது. ஜெர்மனியில் செய்தது. மலைத் தோட்டத்தை விட்டுச் சொந்த நாட்டுக்குப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் முறையாக எழுதி வாங்கியது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட லைசென்ஸ் உண்டு. கயத்தாற்றுக்கு மேற்கே கரிசல் நிலத்தில் அண்ணனின் சிநேகிதர் ஒருவர் சோளமும் கம்பும் விதைப்பார். கதிர் பால் பிடித்ததும் பன்றிகள் இறங்கும். சொல்லி அனுப்புவார். அண்ணன் ரைஃபிளைத் துணி உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். திரும்பி வரும்போது அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் கரிசல் மண்ணை மைனி திட்டிக்கொண்டே தட்டுவார்.

முந்தின வருஷம் அங்கே ஓர் ஓடைக்கரையில் கால் வழுக்கி, ரைஃபிளோடு பாறையில் விழுந்துவிட்டார். ரைஃபிளின் மரக்கட்டை கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் இரண்டாக முறிந்தது. அண்ணனின் வலது தோளும் முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் தோள் ஒரு பக்கமாக இறங்கிப்போனது. இனி அது துப்பாக்கியின் உதையைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சட்டை மாட்டுவதற்கே மைனி ஒரு கை கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு அண்ணன் பேச்சைக் குறைத்தார். உப்பளத்துக்குப் போவார், வருவார், நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டு உட்காருவார். எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது. ஆனாலும் கடலைப் பார்ப்பவர்போலவே உட்கார்ந்திருப்பார். மழைக்காலம் வந்து உப்பளத்தில் வேலை நின்றதும் அந்த நாற்காலியே அவருக்கு உலகமாகிவிட்டது.

"தம்பி, உங்க அண்ணன் சண்டைகூட போட மாட்டுக்காவ" என்று மைனி கிணற்றடியில் என்னிடம் சொன்னார். "நேத்து கொழம்புல உப்புப் போட மறந்துட்டேன். ஒரு வார்த்தை சொல்லாம தின்னுட்டுக் கைகழுவிட்டுப் போறாவ. உப்பளத்து மனுசருக்கு உப்பு இல்லைன்னு தெரியாதா?"

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பொங்கல் கழிந்ததும் ரைஃபிளைத் திருநெல்வேலியில் ஒரு துப்பாக்கிக் கடையில் கொடுத்துவிடப் போவதாக அண்ணன் சொன்னார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை. மைனி என்னைப் பார்த்தார். அந்த ரைஃபிள் வீட்டை விட்டுப் போனால், இந்த மனிதர் நாற்காலியை விட்டு எழவே மாட்டார் என்ற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. எனக்கும் அதே பயம்தான்.

அந்தச் சமயத்தில்தான் கப்பல்காரர் விடுமுறையில் வந்தார். அவர் எங்கள் ஊரில் மீனவர்கள் குடியிருக்கும் கரையான திரேஸ்புரத்துக்காரர். வெளிநாட்டுக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை. எனக்கும் அண்ணனுக்கும் சிநேகிதர். முந்தின விடுமுறையில் முறிந்த கட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரிக் கட்டை செஞ்சு விக்கிற கடை நாங்க போற துறைமுகத்துல உண்டு" என்று சொல்லி, வலை பின்னும் நூல் ஒன்றில் முடிச்சுகள் போட்டு அளவெடுத்துக்கொண்டு போயிருந்தார். விசையிலிருந்து தோள்வரை ஒரு முடிச்சு, இரண்டு திருகாணிகளுக்கு நடுவில் ஒரு முடிச்சு. அதை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

முற்றத்தில் பாயை விரித்து, பெட்டியிலிருந்து சணல் சாக்கில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பாதி செதுக்கிய வால்நட் கட்டை. மெருகு இல்லை. இரும்பு உட்காரும் பள்ளம் தோராயமாகக் கடையப்பட்டிருந்தது. மிச்சத்தை வாங்குகிறவன்தான் செதுக்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

"சுங்கத்துல ரொம்ப நேரம் நிப்பாட்டிட்டானுவ" என்றார் கப்பல்காரர். "ஒருத்தன் கட்டில் காலான்னு கேக்கான். இன்னொருத்தன் கிரிக்கெட் மட்டைங்கான். உங்க லைசென்ஸ் நகலக் காட்டுன பெறகு, இது ஆயுதமா மரச்சாமானான்னு அவனுவளுக்குள்ளயே சண்டை."

அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே கட்டையைப் பார்த்தார். கன்னத்தை அணைத்து வைக்கும் மேடு அதில் வலப்பக்கம் இருந்தது.

"இது இடது தோள்ல வச்சுச் சுடுதவனுக்கு உள்ளது" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, கேட்டுத்தான் வாங்குனேன். ஒங்களுக்கு இன்னொரு தோள் சும்மாதான கெடக்கு? அத என்ன கோயில் உண்டியல்ல போட்டுட்டீயளா?"

அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, பள்ளத்துக்குள் விரலை விட்டு மெதுவாக நுனிவரை ஓட்டினார். பிறகு என்னிடம், "வேணும்னா நீ மாட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார்.

அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது.

அலுவலகம் முடிந்து வந்ததும் முற்றத்து ஓரம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். சீட்டுக்கட்டை அடுக்குவதைவிட மெதுவான வேலை அது. அடியில் உள்ள இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் பழைய கட்டையிலிருந்து இரும்பு முழுவதும் தனியே வந்துவிடும். அந்த இரும்பின் அடியில் கரி பூச வேண்டும். புதுக் கட்டையின் பள்ளத்தில் மெல்ல இறக்கி, அழுத்தி, நேராக மேலே எடுக்க வேண்டும். எங்கெல்லாம் இரும்பு மரத்தில் இடிக்கிறதோ அங்கெல்லாம் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும், கறுப்பின் கனத்துக்கு மட்டும், உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி பூச்சு, மறுபடி இறக்கம், மறுபடி கறுப்பு. அவசரப்பட்டு ஒரு சீவல் கூடுதலாக எடுத்தால் அதைத் திரும்ப வைக்க முடியாது.

கரிக்கு அரிக்கேன் விளக்குச் சிம்னியின் புகையை வழித்து விளக்கெண்ணெயில் குழைத்தேன். மைனி எட்டிப் பார்த்தார்.

"ஏளா, இங்கன வந்து பாரு" என்று என் மனைவியைக் கூப்பிட்டார். "ஒன் மாப்பிள்ள துப்பாக்கிக்குக் கண்மை போடுதாவ. பொட்டு வைக்கது ஒண்ணுதான் பாக்கி."

இரும்பின் அடியில் பல்போல ஒரு துண்டு நீண்டிருக்கும். தோட்டா வெடிக்கும்போது வரும் உதை முழுவதையும் அந்தப் பல்தான் மரத்துக்குக் கொடுக்கும். அதன் பின்முகம் முழுமையாக மரத்தில் சாய்ந்திருக்க வேண்டும். ஓர் ஓரம் மட்டும் பட்டால் மரம் பிளந்துவிடும். குழல் நேர்மாறு. அது மரத்தின் மேல் மிதக்க வேண்டும்; எங்கும் தொடக் கூடாது. தொட்டால், சுடும்போது குழல் துள்ளும் துள்ளலை மரம் தட்டிவிட, குண்டு வேறெங்கோ போகும். தொடவில்லை என்பதைச் சோதிக்க அலுவலகத்தில் நகல் எடுக்கும் மெல்லிய தாளை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்துக்கொண்டேன். குழலின் நுனியில் நுழைத்து இழுத்தால், தாள் எங்கும் தட்டாமல் பின்வரை ஓட வேண்டும்.

மழை பெய்துகொண்டே இருந்தது. கடலிலிருந்து வரும் கொண்டல் காற்று முற்றத்தில் இறங்கி, சீவல்களைத் தூக்கிச் சுவரோரம் சேர்க்கும். உளி மரத்தில் போகும் சத்தமும் மழையின் சத்தமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாது. சில மாலைகளில் நான் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேனா, அல்லது கை தானாக நடப்பதை வேறெங்கோ இருந்து பார்க்கிறேனா என்றே எனக்குத் தெரியாமல் போனது. கடலே பார்த்திராத ஏதோ ஒரு மலைநாட்டில் வளர்ந்த மரம், எங்கள் முற்றத்து மழையில் ஒரு பூனைபோல என் மடியில் கிடந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஈரத் துணியால் துடைத்தபோது மரத்தின் ரேகைகள் எழுந்து வந்தன. கப்பல்காரர் அதன்மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"எளவட்டத்துல சங்கு குளிக்கப் போவேன்லா" என்றார். "பார்ல இறங்குனா அடியில மணல் இப்படித்தான் கெடக்கும். வரி வரியா. மேல இருந்து வெயில் வந்து அது மேல ஆடும். நம்ம மூச்சு முட்டுதது மறந்து போவும். மேல வரணுமேன்னு தோணாது." பார் என்பது முத்துச் சிப்பியும் சங்கும் கிடக்கும் கடலடித் திட்டு. முத்துக்குளிப்பு நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. சங்கு குளிப்பு மட்டும் நடந்துகொண்டிருந்தது. அவர் விரல் ஒரு ரேகையைப் பின்தொடர்ந்து போனது. அண்ணனும் நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பிப் பார்த்தார். நான் கட்டையை அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன்.

நீளத்தை அண்ணனின் இடது கையில்தான் அளந்தாக வேண்டும். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், விரல் விசையைச் சிரமமில்லாமல் தொட வேண்டும். அவர் கையை நீட்டிக் கொடுத்தார், நாடி பார்க்கக் கொடுப்பதுபோல. அரை அங்குலம் அதிகம் இருந்தது. அறுத்தேன். உதையைத் தணிக்க, கப்பல்காரர் கொண்டுவந்த தடித்த ரப்பரை வெட்டி அடியில் பொருத்தினேன். தோட்டாவை ஏற்றவும் எடுக்கவும் இழுக்கும் போல்ட் வலப்பக்கம்தான் இருக்கும். அதை மாற்ற முடியாது. ஆனால் ரைஃபிளை ஒரு மூட்டையின்மேல் சாய்த்துக்கொண்டால், தோள் போனாலும் கை போகாத அண்ணன், வலது கையாலேயே போல்ட்டை இழுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் முடிந்த அன்று தாள் நுனியிலிருந்து பின்வரை வழுக்கி ஓடியது. எண்ணெய் பூசவில்லை. சுட்டுப் பார்த்த பிறகு எங்காவது இன்னும் சுரண்ட வேண்டியிருக்கலாம் என்று மரத்தை அப்படியே விட்டிருந்தேன். அதற்குள் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு வாரத்துக்குமேல் விடவில்லை.

மழை விட்ட ஒரு காலையில் அண்ணனின் உப்பளத்துக்குப் போனோம். பாத்திகள் எல்லாம் மழைநீர் நிரம்பி வானமாகக் கிடந்தன. முந்தின கோடையின் உப்பு, ஓலை போர்த்திய குவியல்களாகக் கரையோரம் நின்றது. ஆள் நடமாட்டம் இல்லாத பக்கத்தில், உயரமான மண் கரையில் ஓர் அட்டையைக் குத்தி வைத்தேன். அண்ணன் மணல் மூட்டையின் பின்னால் குப்புறப் படுத்தார். இடது தோளில் கட்டையை அணைத்தார். கன்னம் அந்த மேட்டில் சரியாக உட்கார்ந்தது. கப்பல்காரர் காதைப் பொத்திக்கொண்டு என் பின்னால் நின்றார்.

வெடித்தது. நீரிலிருந்து கொக்குகள் எழுந்தன. அட்டையில் ஒன்றும் இல்லை. கரையில், அட்டைக்கு வெகுதூரம் தள்ளி மண் சிதறியிருந்தது.

அண்ணன் இன்னொரு தோட்டா போடவில்லை. எழுந்து, ரைஃபிளை என்னிடம் கொடுத்தார்.

"கண்ண மூடிட்டேன்" என்றார். "உதை வருமுன்ன கண்ணு மூடிக்கிடுச்சு. சின்னப் பிள்ள மாதிரி."

எனக்கு ஏதோ தோன்றியது. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துக் குழலின் நுனியில் நுழைத்தேன். சிறிது தூரம் போய் நின்றுவிட்டது. மரம் ஈரக்காற்றைக் குடித்து ஊதியிருந்தது. குழலை ஒரு பக்கமாக நெருக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மரம் இடிக்கி. குண்டு வெலகுனது இதனாலதான்."

அவர் தாளையும் என்னையும் பார்த்தார்.

"கண்ணு மூடுனதும் நிசம், மரம் இடிக்கதும் நிசம். எது தப்புன்னு எனக்கு எப்படிலே தெரியும்?" என்றார். "விடு. பொங்கலுக்குப் பெறகு குடுத்துருவோம்."

சைக்கிளில் என் பின்னால் வந்த கப்பல்காரர் வீடுவரை, "மரம் தண்ணி குடிக்குதா? தண்ணி குடிக்குதா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் கேள்வியை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

இடித்த இடத்தை மறுபடி சுரண்டினேன். பெயிண்ட் கடையில் ஆளிவிதை எண்ணெய்க்குச் சொல்லி வைத்தேன். இரும்பை முழுவதும் கழற்றி பீரோவில் பூட்டிவிட்டு, வெறும் கட்டையை முற்றத்துச் சுவரில் மாட்டினேன். கிறிஸ்துமஸுக்கும் ஒரு கல்யாணத்துக்குமாக நாங்கள் எல்லோரும் நாசரேத்துக்குப் போனோம். வீட்டின் இன்னொரு சாவி கப்பல்காரரிடம் இருந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மைனி முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"ஐயய்யோ, எங்கயோ எலி செத்துக் கெடக்கு."

"எலியும் இல்ல, பெருச்சாளியும் இல்ல" என்று பின்னாலேயே சாவியோடு வந்த கப்பல்காரர் முகமெல்லாம் பெருமையாக நின்றார். "கட்டைக்கு எண்ணெ போட்டிருக்கேன். எங்கண்ணன் வள்ளத்தக் கரையேத்தி எண்ணெ பூசுனான். அது கூடவே வெயில்ல வச்சு, காயக் காயத் திருப்பித் திருப்பிப் பூசுனேன். சுத்தமான சுறா எண்ணெ. இனிமே கடல்ல தூக்கிப் போட்டாலும் ஒரு சொட்டுக் குடிக்காது."

திரேஸ்புரத்தில் புதிதாய் நீரில் இறங்கும் எந்த மரத்துக்கும் அதுதான் முறை. சுறாவின் ஈரலை உருக்கி எடுத்த எண்ணெயைப் பூசிவிட்டால் மரம் உப்புத் தண்ணீரைத் தொடாது. அந்தக் கரையில் அந்த வாசம் யாருக்கும் வாசமாகவே தெரியாது. காற்று என்றால் அவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். கட்டை சுவரில் பளபளவென்று, ஆழத் தண்ணீரின் நிறத்தில் தொங்கியது. இவ்வளவு அழகான மரத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை. பக்கத்தில் போக முடியவில்லை.

அண்ணன் கட்டையின் அருகில் போய் மோந்து பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏலே! இது கடலுக்குப் போற சாமானால? காட்டுக்குப் போற சாமான்லே! பன்னிக்கு மூக்கு எம்புட்டுத் தூரம் எட்டும்னு தெரியுமாலே ஒனக்கு?"

"பன்னி மூக்கப் பத்தி நான் என்னத்தக் கண்டேன் அண்ணாச்சி? மீனப் புடிக்கப் போறவன் மீனு மூக்கயா பாத்துட்டுப் போறான்?"

"மூணு ஊரு தாண்டி இருக்க பன்னிகூட ஓடிரும்லே! கெடுத்துட்டான், நல்ல மரத்தக் கெடுத்துட்டான்! கருவாட்டுச் சட்டிய எவனாவது தோள்ல வச்சுச் சுடுவானாலே?"

தெருவே கேட்டிருக்கும். நான் பயந்துபோய் அடுப்படிப் பக்கம் ஒதுங்கினேன். அங்கே மைனி கதவில் சாய்ந்து, முந்தானை இன்னும் மூக்கில் இருக்க, கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேக்கா தம்பி? எவ்வளவு நாளாச்சு" என்றார். "போடட்டும். நல்லாச் சத்தம் போடட்டும்."

சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். புளி, சாம்பல், தவிடு எல்லாம் போட்டோம். வெயிலில் வைத்தால் வாசம் இரட்டிப்பாகியது. கடைசியில் நான் இரும்பை மீண்டும் அதில் பொருத்தினேன். அன்று நாள் முழுக்கத் தூறல். மறுநாள் காலை அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என் பையிலிருந்து தாளை அவரே எடுத்து, குழலில் நுழைத்தார். தாள் நிற்காமல் ஓடியது. மறுபடி நுழைத்தார். மறுபடியும் ஓடியது. தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

பொங்கல் முடிந்ததும் கயத்தாற்றிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். சோளத்தில் பன்றி இறங்குகிறது என்று. அண்ணன் ரைஃபிளை எடுத்து மறுபடி மோந்து பார்த்தார்.

"எப்படியும் இந்த நாத்தத்தோட கடைக்காரன் வாங்க மாட்டான்" என்றார். "போய்ப் பாத்துட்டு வருவோம்."

பஸ்ஸில் நாங்கள் மூவரும் கடைசி இருக்கையில் இருந்தோம். அண்ணனின் கால்களுக்கு நடுவே துணி உறையில் ரைஃபிள். ஊரைத் தாண்டவில்லை, கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார்.

"யாருய்யா கருவாட்ட உள்ள ஏத்துனது? மேல போடுங்க, மேல."

"கருவாடு இல்ல அண்ணாச்சி, கட்டை" என்றார் கப்பல்காரர்.

"கட்டை எதுக்குய்யா இப்படி நாறுது?"

"அதக் கேக்காதிய. பெரிய கதை."

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்ததை நான் பார்த்தேன். கயத்தாற்றில் இறங்கியதும் நாலைந்து நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு எங்கள் பின்னாலேயே வந்தன. கப்பல்காரர் அவற்றை விரட்டிக்கொண்டே நடந்தார். காட்டுக்காரரான, அதாவது அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான, சிநேகிதர் எங்களைக் கிணற்று மோட்டார் அறையில் படுக்க வைத்தார். ரைஃபிளை மட்டும், அண்ணன் பார்வையில் இருக்கும்படி, வாசலுக்கு வெளியே காற்றோட்டமாகச் சாய்த்து வைக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய" என்றார் தயங்கி. "இத வச்சுக்கிட்டு ஒரு பன்னியும் கிட்ட வராது. எம் பயிருக்கு அது நல்லதுதான். கட்டைய நடுக்காட்டுல நட்டு வச்சுட்டுக்கூடப் போங்க."

விடியும் நேரத்தில் வரப்பில் போய் இருந்தோம். பனி இறங்கியிருந்தது. சோளத்தட்டைகளின் இடுப்புவரை வெண்மை. அதற்குமேல் கதிர்கள் தண்ணீரில் மிதப்பவைபோல அசையாமல் நின்றன. கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்தும், அந்தப் பனிக்குள் சுறா எண்ணெயின் வாசம் பரவியபோது, கரிசல் காடு முழுவதும் ஒரு கடலடியாகவும் நாங்கள் அதன் மணலில் படுத்துக் கிடப்பதாகவும் எனக்குத் தோன்றியது. மேலே எங்கோ வெளிச்சம் ஆடத் தொடங்கியிருந்தது. கப்பல்காரர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அண்ணன் மண் மூட்டையின்மேல் ரைஃபிளைச் சாய்த்து, இடது தோளில் அணைத்து, கன்னத்தை வைத்திருந்தார். வலது கை போல்ட்டின்மேல் சும்மா கிடந்தது.

வாடைக் காற்று முதலில் எங்கள் முகத்தில் வந்துகொண்டிருந்தது. பிறகு தயங்கி, சுற்றி, எங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசத் தொடங்கியது. எங்கள் வாசம் முழுவதையும் எடுத்துக்கொண்டு எதிரே இருந்த முள் அடர்ந்த உடைமரக் காட்டுக்குள் போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். காட்டுக்காரர் என் கையைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினார்.

உடைமரங்களுக்கு அடியில் ஏதோ அசைந்தது.

தனிப் பன்றி. பெரியது. ஓடவில்லை. மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தது. ஓர் அடி வைத்தது, மறுபடி இழுத்தது. சோளத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. பனியைக் கிழித்துக்கொண்டு, மீன் விற்கும் கூடையைத் தேடிவரும் பூனைபோல, நேரே எங்களைப் பார்த்து வந்தது. காட்டுக்காரரின் வாய் திறந்தபடி நின்றது. அது வர வர அதன் முதுகு மயிரில் பனித்துளிகள் தெரிந்தன. மூக்கு நுனி ஈரமாக மின்னியது. அண்ணன் மூச்சு விடும் சத்தம் கேட்கவில்லை.

வெடித்தது.

கப்பல்காரர் "மாதாவே" என்று துள்ளி எழுந்தார். பன்றி இருந்த இடத்தில் பன்றி இல்லை. உடைமரக் காட்டுக்குள் கிளைகள் முறிந்துகொண்டே தூரமாகப் போயின. அது நின்ற இடத்துக்குப் பின்னால் ஓடைக்கரை மண்ணில், பன்றியின் முதுகு உயரத்துக்குச் சற்று மேலே, புதுக் காயம் ஒன்று தெரிந்தது. போய்ப் பார்த்தோம். ஒரு துளி ரத்தம் இல்லை.

நாங்கள் யாரும் அண்ணனைப் பார்க்கவில்லை. அவர் போல்ட்டை இழுத்து வெற்றுத் தோட்டாவை எடுத்தார். தோட்டா இருக்கும் அறையில் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ரைஃபிளை என்னிடம் நீட்டினார்.

"தாள் இருக்கா?"

சட்டைப் பையில் இருந்தது. நான் முழங்காலிட்டு அதைக் குழலின் நுனியில் நுழைத்தேன். தாள் ஓடியது, தட்டவில்லை, நிற்கவில்லை, பின்வரை ஓடி வெளியே வந்தது.

அண்ணன் குனிந்து அதைக் கண்ணால் பார்த்தார்.

"அப்ப தப்பு எனக்குத்தான்" என்றார்.

அவர் குரலில் நான் அதுவரை கேட்டிராத ஒரு நிம்மதி இருந்தது. "கிட்ட வந்தத எட்டப் பாக்குத மாதிரிப் பாத்துட்டேன். ஒசத்திப் புடிச்சுட்டேன். கண்ண மூடலலே. அதுக்க மயிரு சிலுத்துக்கிட்டது, திரும்புனது, வாலத் தூக்குனது எல்லாம் பாத்தேன்." இடது தோளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு காட்டுக்காரரிடம் திரும்பினார். "அடுத்த வாரமும் வருமா வே?"

"இந்தக் கட்டையக் கொண்டு வந்தா வராம எங்க போவும்?" என்றார் காட்டுக்காரர். "வெத்தல பாக்கு வச்சு அழைச்ச மாதிரில்லா வருது!"

"நான் சொல்லல?" என்றார் தூங்கி எழுந்த கப்பல்காரர். அவர் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகு சில முறை அண்ணன் போனார். சில முறை சுட்டார், சில முறை தவறவிட்டார். அப்புறம் வேட்டைக்குப் புதிய சட்டம் வந்தது. இப்போது ரைஃபிள் பீரோவில் இருக்கிறது. கொண்டல் வீசும் நாட்களில் பீரோவின் இடுக்கு வழியாக அந்த வாசம் வெளியே வந்து வீட்டில் நடமாடும். கடையில் கொடுக்கும் பேச்சை யாரும் எடுத்ததில்லை.

ஆனால் எனக்கு அந்தக் காலையின் கடைசிப் பகுதிதான் அடிக்கடி வருகிறது. பனி கரைந்து கதிர்கள் தரையில் காலூன்றி நின்றன. மோட்டார் அறை வாசலில் காட்டுக்காரரின் மனைவி எங்களுக்குக் கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்தார். அண்ணன் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். சட்டியைக் கீழே வைத்தார்.

"என்ன வே" என்று காட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார், காட்டுக்கே கேட்கும் குரலில். "ஒங்க ஊர்ல உப்பே கெடைக்காதா?"

ஊருக்குப் போனதும் மைனியிடம் பன்றியைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.